தட்டினால் சொல்லிவிடுங்கள்: ராம்ப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

2005 டிசம்பர் 26. அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து பர்பாங்க் கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸின் எம்டி-83 விமானம் 26,000 அடியை எட்டியபோது உள்ளே பெரிய சத்தம். ஆக்சிஜன் மாஸ்க்குகள் தொங்கின. சுமார் 140 பயணிகள். பைலட்டுகள் மளமளவென்று கீழே இறக்கி, சியாட்டிலுக்கே திருப்பிக்கொண்டு வந்து பத்திரமாகத் தரையிறக்கினார்கள். இறங்கிப் பார்த்தால் வலதுபக்க உடம்பில் ஓரடி நீளம், அரையடி அகலத்தில் ஓட்டை. கிளம்புவதற்கு முன் ராம்பில், அதாவது விமானங்கள் நின்று ஆளும் சாமானும் ஏறி இறங்கும் தளத்தில், வண்டி ஒன்று அந்த இடத்தில் உரசியிருந்தது. ஓட்டியவர் யாரிடமும் சொல்லவில்லை.

விமானத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் யானை மாதிரி, எதுவும் ஆகாது என்றுதான் தோன்றும். போயிங் 737-இன் அலுமினியத் தோல் பல இடங்களில் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். மேலே போனதும் உள்ளே அடைத்துவைத்த காற்று அந்தத் தோலை வெளியே தள்ளும். ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து டன்னுக்கு மேல். ஒடுங்கி மடிந்த இடம் இருந்தால் அங்கேதான் கிழியும். காரில் ரிவர்ஸ் எடுத்தால் கீச்கீச்சென்று கூவும் சென்சார் உண்டு. விமானத்தின் தோலில் அப்படி ஒன்றும் இல்லை. பெட்டிகளை ஏற்றி இறக்கும் பெல்ட் லோடரால் நீங்கள் இடித்தால் காக்பிட்டில் எந்த விளக்கும் எரியாது. இடித்தது இடித்தவருக்குத்தான் தெரியும். அதனால்தான் இந்த வேலையின் மற்ற எல்லாப் பாடங்களையும்விட, தட்டினால் வாயைத் திறந்து சொல்வதை நான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். மற்றது எல்லாம் தட்டாமல் இருப்பதற்கான வழி.

ஏர்சைடுக்குள் (விமானங்கள் நடமாடும் பகுதிக்குள்) நுழையும் முன்

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதைக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். இந்தியாவில் விமானப் பாதுகாப்பு அமைப்பான பி.சி.ஏ.எஸ். தரும் நுழைவு அட்டை (நாம் ஏ.இ.பி. என்போம்), அதற்குப் போலீஸ் சரிபார்ப்பு, பாதுகாப்பு வகுப்பு, ஆபத்தான சரக்கு பற்றிய வகுப்பு. வண்டி ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஊர் லைசென்ஸ் போதாது, ஏர்போர்ட்டின் ஏ.டி.பி. (ஏர்சைடில் வண்டி ஓட்டும் அனுமதி) தனியாக வேண்டும். டக் (இழுவை வண்டி) ஓட்டப் பயிற்சி எடுத்தவர் 'நைட் ஆள் குறைவு' என்று பெல்ட் லோடரில் ஏறி உட்காரக் கூடாது. முக்கால்வாசித் தகராறு இப்படித்தான் ஆரம்பிக்கும். குடித்திருக்கிறீர்களா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனை கிரவுண்ட் ஹேண்ட்லிங் ஆட்களுக்கும் உண்டு, சொல்லாமல் வருவார்கள். நேற்று ராத்திரி கல்யாண வீடு என்றால் இன்று லீவு போடுங்கள்.

காதடைப்பு, மின்னும் ஜாக்கெட், முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ மூன்றும் கட்டாயம். மே மாத மீனம்பாக்கத்தில் மதியம் கான்கிரீட் தகிக்கும்போது ஜாக்கெட்டின் ஜிப்பைத் திறந்துவிடத் தோன்றும். திறந்த ஜாக்கெட் எஞ்சின் முன்னால் என்ன ஆகும் என்று யோசித்தால் கை தானாக மூடும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். கழுத்தில் அட்டை தொங்கும் கயிறு இழுத்தால் கழன்றுவிடும் வகையாக இருக்கட்டும்.

விமானம் உள்ளே வரும்போது

விமானம் வந்து நிற்கும் இடத்துக்குப் பே (bay) என்று பெயர். அதைச் சுற்றிச் சிவப்புக் கோடு இருக்கும். விமானம் வந்து நிற்கும்வரை ஆளும் வண்டியும் அந்தக் கோட்டுக்கு வெளியே. அதற்கு முன்னால் ஒரு வேலை: பேயை நடந்து பார்த்து, தரையில் கிடக்கும் போல்ட், உடைந்த பெட்டிச் சக்கரம், பிளாஸ்டிக் கவர் எல்லாவற்றையும் பொறுக்குவது. குனிந்து ஒரு நட்டை எடுப்பதைப் பார்த்துச் சிரிக்கிற சீனியர்கள் இருப்பார்கள். சிரிக்கட்டும்.

விமானம் நின்றுவிட்டது. இப்போதும் ஓடாதீர்கள். உடம்பின் மேலும் கீழும் சிவப்பாக மின்னும் பீக்கன் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் எஞ்சின் ஓடுகிறது என்றே அர்த்தம், காதுக்குக் கேட்கிறதோ இல்லையோ. பக்கத்துப் பேயில் இன்னொரு விமானம் இரைந்துகொண்டிருக்கும்போது இந்த எஞ்சின் நின்றதா ஓடுகிறதா என்று காதால் சொல்லவே முடியாது. நானும் ஏமாந்திருக்கிறேன்.

சில நாள் ஏ.பி.யூ. (தரையில் நிற்கும்போது விமானத்துக்குக் கரண்ட் தரும் சின்னத் துணை எஞ்சின்) வேலை செய்யாது. அப்போது வெளியிலிருந்து ஜி.பி.யூ. என்ற ஜெனரேட்டர் வண்டி கரண்ட் கொடுக்கும்வரை ஓர் எஞ்சினையாவது ஓடவிட்டிருப்பார்கள். இதுதான் ராம்பின் மிக ஆபத்தான நிமிடம். 2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் எம்ப்ரேயர் 175 ஒன்று இப்படித்தான் வந்து நின்றது. எஞ்சின் ஓடும், பீக்கன் அணையும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது என்று விமானம் வருவதற்கு முன்பே இரண்டு முறை கூட்டிவைத்துச் சொல்லியிருந்தார்கள். அப்படியும் ஒரு ராம்ப் ஊழியர் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் முன்னால் நடந்துபோய் உயிரிழந்தார். தினமும் பத்து விமானத்தைச் சுற்றி எச்சரிக்கைக் கோன் வைக்கிற காலுக்குப் பாதை பழகியிருக்கும். மூளை வேண்டாம் என்றாலும் கால் போகும். அதனால் ஏ.பி.யூ. இல்லாத விமானம் என்றால் நான் என் ஆட்களைக் கோட்டுக்கு வெளியே வண்டிக்குள் உட்காரவைத்துவிடுவேன். நிற்கிறவன் நடப்பான்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2015 டிசம்பர் 16 அன்று மும்பையில் ஹைதராபாத் போகவேண்டிய ஏர் இந்தியா ஏ319-ஐப் புஷ்பேக் (டக்கால் பின்னால் தள்ளுவது) செய்யும்போது டெக்னீஷியன் ஒருவர் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டார். சிக்னல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று செய்திகள் வந்தன. புஷ்பேக்கில் ஹெட்செட் போட்டிருப்பவர் எஞ்சினுக்கு முதுகைக் காட்டக் கூடாது. டக்கையும் விமானத்தையும் இணைக்கும் டோ பார் கழன்று, பூட்டுப் பின்னைக் கையில் தூக்கிக் காட்டி, பைலட் பதிலுக்குக் கையசைத்த பிறகும் நடந்துவரும் வழி விமானத்தின் மூக்குக்கு முன்னால், எஞ்சினைவிட்டு விலகித்தான்.

வண்டியை விமானத்திடம் கொண்டுபோவது

இனி சேதம் உண்டாகும் இடத்துக்கு வருவோம். ராம்ப் சேதங்களில் பெரும்பங்கு நம் வண்டிகளால்தான்: பெல்ட் லோடர், கார்கோ லோடர், ஏணி வண்டி, ஏரோபிரிட்ஜ். தரையில் நடக்கும் சேதத்துக்கு 2019-இல் உலகம் முழுக்கச் சுமார் 500 கோடி டாலர் ஆனது, இப்படியே போனால் 2035-இல் 1,000 கோடியை நெருங்கும் என்று விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா கணக்குச் சொல்கிறது.

சக்கரத்துக்குச் சாக் (தடுப்புக் கட்டை) வைத்து, பீக்கன் அணைந்து, கோன் வைத்தபின் கிளம்புங்கள். சிவப்புக் கோட்டுக்கு முன் ஒருமுறை முழுசாக நிறுத்துங்கள். அது மரியாதைக்காக இல்லை, பிரேக் பிடிக்கிறதா என்று விமானத்திலிருந்து தள்ளி இருக்கும்போதே தெரிந்துகொள்ளத்தான். கிட்டே போனதும் இன்னொரு முறை நிறுத்துங்கள். எத்தனை மீட்டரில் என்பதை உங்கள் கம்பெனி கையேடு சொல்லும். அதன் பிறகு நடை வேகம். கைகாட்ட ஆள் நின்றால்தான் நகர வேண்டும். அவர் கண்ணில்படாவிட்டால் நிறுத்துங்கள், ஹாரன் அடிக்காதீர்கள். மழைக்காலத்தில் ஈர பிரேக் ஒரு வண்டி நீளம் கூடுதலாக ஓடும், கணக்கில் வையுங்கள்.

பெல்ட் லோடரின் மூக்கில் கறுப்பு ரப்பர் இருக்கிறதே, அது இடிப்பதற்காக இல்லை. பெல்ட்டுக்கும் கதவு விளிம்புக்கும் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். போதிய இடைவெளி விட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போதுதான் புதியவர்கள் மறக்கும் விஷயம் நடக்கிறது: விமானம் ஏறி இறங்கும். பெட்டிகளை இறக்க இறக்க லாரியின் பட்டை மாதிரி அது மேலே எழும்பும். எரிபொருளும் ஆட்களும் ஏற ஏறக் கீழே உட்காரும். நீங்கள் டீ குடிக்கப் போகும்போது நான்கு விரல் இடைவெளி இருந்த ஏணி வண்டி, திரும்பி வரும்போது கதவின் அடி விளிம்பைத் தாங்கிக்கொண்டு நிற்கும். யாரும் இடிக்கவில்லை, எந்த வண்டியும் நகரவில்லை, கதவு மட்டும் வளைந்திருக்கும். ஏற்றுகிறவர் அவ்வப்போது கீழே குனிந்து பார்க்க வேண்டும். ஏணி வண்டியை விட்டு ஆபரேட்டர் தூரப் போகக் கூடாது.

சில இடங்கள் மற்ற இடங்களைவிட மோசம். மூக்குக்குப் பக்கத்தில் பெயின்ட்டில் கட்டம் போட்டு, சின்னத் துளைகள் உள்ள வட்டத் தகடு தெரியும். அதுதான் ஸ்டாட்டிக் போர்ட். விமானத்தின் உயரமும் வேகமும் அந்தத் துளைகளை நம்பித்தான் காக்பிட்டில் ஓடுகின்றன. அதன் அருகே விரல்நகம் அளவு கீறல்கூடச் சாதாரணமில்லை. 1996 அக்டோபர் 2 அன்று பெருவில் ஏரோபெரு 603 விமானத்தைக் கழுவியபோது அந்தத் துளைகள் மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். விமானம் கடலில் விழுந்து அதிலிருந்த 70 பேரும் இறந்தார்கள். வேகத்தை அளக்க உதவும் பிடாட் குழாய், மூக்கோரத்தில் ஆடும் சிறு இறகு, வயிற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாக்கள், இறக்கை நுனி, எஞ்சின் கவசம் எல்லாமே தொடக் கூடாத பட்டியல்தான்.

மிக ஏமாற்றுவது கார்பன் ஃபைபர் உடம்பு. போயிங் 787-இன் எடையில் பாதியும் ஏர்பஸ் ஏ350-இன் எடையில் பாதிக்கு மேலும் இப்படிக் கலவைப் பொருள்தான். இரண்டுமே சென்னைக்கு வருகின்றன. அலுமினியத்தில் இடித்தால் பள்ளம் விழும், கண்ணுக்குத் தெரியும். இதில் தோல் உள்ளே அமுங்கி மறுபடி பழைய வடிவத்துக்கே எழும்பிவிடும். வெளியே ரப்பர் கறை மட்டும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம், சட்டம் விரிசல் விட்டிருக்கலாம். மெத்தென்ற ரப்பர் பம்பர் விசையைப் பரப்பிவிடுவதால் அடையாளம் இன்னும் குறைவு. 'ஒண்ணுமே தெரியலையே' என்பது இந்த விமானங்களில் ஆறுதல் இல்லை.

தட்டிவிட்டது. இப்போது?

ஓர் இரவைச் சொல்கிறேன். கல்ஃப் விமானங்கள் வரிசையாக வரும் நேரம், மணி இரண்டே முக்கால் இருக்கும். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான பையன், டீ டம்ளரோடு நின்ற என்னிடம் வந்து, "அண்ணா, ஒண்ணு கேக்கலாமா?" என்றான். அவன் வலது கை கிளவுஸ் கறுப்பாக இருந்தது. பின் கார்கோ கதவுக்குக் கீழே லோடரின் ரப்பர் பட்டிருக்கிறது, கறை விழுந்திருக்கிறது, அவன் அதைக் கிளவுஸால் துடைத்திருக்கிறான். துடைத்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அந்தப் பத்து நிமிடமும் அவன் உள்ளுக்குள் தவித்திருப்பான். "துடைச்சியா?" என்றேன். தலையை ஆட்டினான். ஏ.எம்.இ. (லைசென்ஸ் உள்ள விமானப் பராமரிப்பு இன்ஜினியர்) வந்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார், பிறகு நாணயத்தால் டொக் டொக்கென்று தட்டிக் கேட்டார். எந்த இடத்தில் பட்டது என்று பையன் விரலால் காட்ட வேண்டியிருந்தது, ஏனென்றால் கறையை அவனே அழித்துவிட்டானே. நல்லவேளை, சேதம் அளவுக்குள் இருந்தது. விமானம் 50 நிமிடம் தாமதமாகப் போனது.

அவன் செய்ததில் சரி, தப்பு இரண்டும் இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது இது.

முதலில் வண்டியை அப்படியே நிறுத்துங்கள். பதறிப்போய்ப் பின்னால் இழுத்தால், மாட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு தோலைக் கிழித்துக்கொண்டு வரும். கீறல் சேதமாக இருந்தது ஓட்டையாகிவிடும். ஹேண்ட்பிரேக், எஞ்சின் ஆஃப். ஆளுக்கு அடிபட்டிருந்தாலோ எரிபொருள் ஒழுகினாலோ அதுதான் முதல் வேலை, மற்றது பிறகு. அது இல்லையென்றால் கறையைத் துடைக்காதீர்கள், பள்ளத்தை அமுக்கிப் பார்க்காதீர்கள், ஒரு கோனை அங்கே வையுங்கள். போனை எடுத்துப் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது கூடவே கூடாது. ஏர்சைடில் அனுமதியில்லாமல் படம் எடுப்பதே தப்பு. தேவையான படத்தை அதற்கானவர்கள் எடுப்பார்கள்.

அடுத்து, சொல்ல வேண்டும். உடனே, அதே இடத்திலிருந்து. அந்த நேரத்தில் வார்த்தை வராது, அதனால் முன்பே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நான் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது: "சார், பே இருபத்தி மூணு. பின் கார்கோ கதவுக்குக் கீழே பெல்ட் லோடர் பட்டுடுச்சு. நான்தான் ஓட்டினேன். ஏ.எம்.இ. வரணும், அதுவரை ஃபிளைட்டை ரிலீஸ் பண்ணாதீங்க." 'லேசா', 'சும்மா ஒரு டச்' எல்லாம் வேண்டாம். லேசா பலமா என்று சொல்லும் தகுதி உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. கையேட்டில் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் வரை அனுமதி என்று பார்த்து, அளந்து, கையெழுத்துப் போடுவது லைசென்ஸ் உள்ள இன்ஜினியரின் வேலை. அவர் வராமல் அந்த விமானம் நகரக் கூடாது.

சூப்பர்வைசர் கிடைக்கவில்லை, கதவு மூடிவிட்டார்கள், டக் கோத்துவிட்டார்கள் என்றால்? ஹெட்செட்டில் இருப்பவரிடம் போய்ச் சொல்லுங்கள், அவர் கேப்டனிடம் பேசுவார். ஹெட்செட் இல்லையா? எஞ்சினிலிருந்து விலகி, கேப்டன் பார்க்கும் இடத்தில் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடியுங்கள். உலகம் முழுக்க அதற்கு அர்த்தம் 'நில்' என்பதுதான். அன்றைக்குத் தாமதத்துக்கு யார் காரணம் என்ற குறியீடு உங்கள் பெயரில் விழும். விழட்டும்.

நீங்கள் இடிக்கவில்லை, பார்த்தீர்கள் என்றாலும் இதேதான். யார் இடித்தார்களோ தெரியாது, காலையில் வந்தபோது கதவோரம் பள்ளம் இருந்தது என்றாலும் சொல்லுங்கள். பழைய சேதமாக இருந்தால் விமானத்தின் பதிவேட்டில் அளவோடு இருக்கும், இன்ஜினியர் இரண்டே நிமிடத்தில் ஒப்பிட்டுவிடுவார். 'ஏற்கெனவே இருந்திருக்கும்' என்று நினைத்துக் கடந்துபோன சேதங்கள்தான் மூன்று ஏர்போர்ட் தாண்டிக் கண்டுபிடிக்கப்படுகின்றன.

விமானம் மேலே போய்விட்டாலும் வாயை மூடிக்கொள்ளாதீர்கள். 2018 அக்டோபர் 12 பின்னிரவில் திருச்சியிலிருந்து துபாய் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737 நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஓடுபாதை முடிவில் ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு 136 பேரோடு மேலே ஏறியது. வயிற்றுத் தோல் கிழிந்திருந்தது, ஆனால் காக்பிட்டில் எல்லாம் சரியாகவே காட்டியது. தரையில் இருந்தவர்கள் சொன்னதால்தான் விஷயம் தெரிந்து, கடைசியில் மும்பைக்குத் திருப்பி இறக்கினார்கள். டூட்டி மேனேஜருக்குச் சொன்னால் விமான நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறைக்கும், அங்கிருந்து ஏ.டி.சி. (வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு) வழியாகக் கேப்டனுக்கும் செய்தி போய்விடும். தாழ்வாகப் பறக்கலாமா, திரும்பலாமா என்று முடிவெடுக்க அவருக்கு அந்தச் செய்தி வேண்டும்.

"விடுப்பா, ரப்பர்தானே"

இப்படிச் சொல்கிற ஒருவர் எல்லா ஷிப்டிலும் இருப்பார். சில சமயம் அவர்தான் உங்கள் சூப்பர்வைசர். வாக்குவாதம் செய்யாதீர்கள், நேராக ஏ.எம்.இ.-யிடமோ விமான நிறுவனத்தின் ஆளிடமோ போய்ச் சொல்லுங்கள். தன்னைத் தாண்டிச் சொல்லிவிட்டான் என்று அந்தச் சூப்பர்வைசர் கோபப்படுவார். ஒரு மாத ரோஸ்டர் நைட்டாகவே வரலாம். பொய் சொல்ல விரும்பவில்லை, இதெல்லாம் நடக்கும்.

சொன்னதற்குத் தண்டனை உண்டா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நேர்மையான தவறுக்குத் தண்டிக்காமல், வேண்டுமென்றே செய்ததையும் குடித்துவிட்டு ஓட்டியதையும் மட்டும் தண்டிப்பது என்பதுதான் விமானத் துறை பேசும் நியாயம். ஐரோப்பாவில் 376/2014 என்ற விதியே இருக்கிறது: கிரவுண்ட் ஹேண்ட்லிங் ஆட்களும் 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும், தெரிவித்தவருக்குப் பாதுகாப்பு உண்டு. நம்மூரில் காண்ட்ராக்டில் வேலை பார்ப்பவருக்கு நடைமுறை அத்தனை மென்மையாக இருப்பதில்லை. ஏ.டி.பி.-யைச் சில நாள் வாங்கிவைப்பார்கள், மறுபடி பயிற்சிக்கு அனுப்புவார்கள், ஓவர்டைம் போகும். என் பையனுக்கு மூன்று நாள் வண்டி கிடையாது, ஒரு வகுப்பு, அவ்வளவுதான். மறைத்து, பிறகு கேமராவில் பார்த்துப் பிடித்தால் பாஸே போய்விடும். பேயின் மேல் எத்தனை கேமரா இருக்கிறது என்று அடுத்த முறை தலையைத் தூக்கி எண்ணிப் பாருங்கள்.

எழுதிக்கொடுப்பது

ஷிப்ட் முடிவதற்குள் எழுதிக் கேட்பார்கள். தமிழில் எழுத அனுமதித்தால் தமிழிலேயே எழுதுங்கள். தெரியாத இங்கிலீஷில் எழுதி, சொல்லாததைச் சொன்னதாகிவிடக் கூடாது. மணி என்ன, எந்தப் பே, விமானத்தின் வாலில் உள்ள பதிவெழுத்து, எந்த வண்டி நம்பர், எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள், கைகாட்ட யார் நின்றார், தரை ஈரமா, வெளிச்சம் எப்படி. பார்த்ததை மட்டும். 'பிரேக் பிடிக்கவில்லை' என்று எழுதினால் வண்டியைப் பிரித்துப் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் அதுவும் உங்கள் தலையில். ஷிப்ட் ஆரம்பத்திலேயே பிரேக் இழுவை என்று புகார் எழுதியிருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். பத்து மணி நேரம் தொடர்ந்து நின்றிருந்தீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள். ஓய்வில்லாத ரோஸ்டர் போட்டவரும் அதைப் படிக்கட்டும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை, இன்றைக்கே செய்துவிடுங்கள். டூட்டி மேனேஜர், ஏ.எம்.இ. அறை, ஏர்போர்ட்டின் ஏப்ரன் கட்டுப்பாடு, தீயணைப்பு ஆகிய நம்பர்களை ஒரு சின்ன அட்டையில் பேனாவால் எழுதி, ஏ.இ.பி. கவருக்குள் பின்பக்கமாகச் செருகிக்கொள்ளுங்கள். பல இடங்களில் போன் லாக்கரில் இருக்கும், வாக்கிடாக்கி சார்ஜ் விடிகாலை மூன்று மணிக்குத் தீர்ந்துவிடும்.